அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலையில், சிங்கப்பூரில் மீன் வாங்கப் போன அண்ணன் ஈரச்சந்தையின் வழுக்குத் தரையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து அவரை வார்டுக்குக் கொண்டுவந்தபோது இரவு மணி ஒன்பது இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்து அதிக காலம் ஆகாத தாதி ஒருவர் எங்கள் முகங்களைப் பார்த்ததும் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைச் சிறு வயதிலிருந்து எத்தனையோ கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறேன். தமிழில் உறவை விசாரிப்பதற்கும் தேவையை விசாரிப்பதற்கும் ஒரே சொல்தான் இருக்கிறது என்பதும், மளிகைக் கடைக்காரர் கேட்பதையே கல்யாண வீட்டுப் பெரியம்மாவும் கேட்கிறார் என்பதும் அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. "தங்கச்சி" என்றேன். "கூடப் பிறந்தவங்களா?" என்று அவர் மறுபடியும் கேட்டார். அவர் கையிலிருந்த கருவியின் திரையில் கணவர் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர், நண்பர், மற்றவர் என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. பதினைந்து ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் ஒருவர் கையால் சாப்பிட்டுவிட்டு அவரை நண்பர் என்ற கட்டத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. உடன்பிறந்தோர் என்பது பொய்யாகிவிடும். ஆகவே மற்றவர் என்ற கட்டத்தைக் காட்டினேன். அவரும் மறுபேச்சில்லாமல் அதை அழுத்திவிட்டுப் போனார்.

நாங்கள் ஐந்து பேர். பெயர்களை எழுதப் போவதில்லை. எங்களுக்குள்ளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வது அபூர்வம். அண்ணனுக்கு 62 வயது, கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்களை விரும்புபவர், பல ஆண்டுகளாகத் தனியாக வாழ்பவர். அக்கா திருநங்கை, கணக்குத் தணிக்கையில் வேலை செய்கிறார், எங்கள் வீட்டுக் கணக்குகளிலும் தப்புக் கண்டுபிடிப்பார். தம்பி மதுரைப் பக்கத்திலிருந்து வேலை அனுமதியில் வந்து பின்னர் நிரந்தரவாசியானவன். பிறகு நான். பிறகு அவள்.

அவளை எழுத்தில் 'அவள்' என்று குறிப்பிட எனக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினால் போதும், வினைமுற்று வந்து அவர் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லிவிடும். ஆனால் அதே தமிழ் ஒளிந்துகொள்ள ஓர் இடத்தையும் வைத்திருக்கிறது. 'அவங்க வந்தாங்க' என்றால் அதில் மரியாதை மட்டுமே தெரியும். அலுவலகத்தில் சக ஊழியர் ஒருவர், "வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டபோது, "அவங்க தளவாடத் துறையில இருக்காங்க" என்று பதில் சொன்னேன். கணவன் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் பழைய காலத்துப் பெண் என்று அவர் என்னைப் பற்றி நினைத்திருக்கக்கூடும். அந்த மரியாதைப் பன்மைக்குள் நான் ஏழு ஆண்டுகள் குடியிருந்தேன். வேறு எந்த வீட்டிலும் அத்தனை காலம் நான் இருந்ததில்லை.

அண்ணனைச் சந்தித்தது 2009 மே 16ஆம் தேதி, ஹோங் லிம் பூங்காவில், எங்களைப் போன்றவர்களுக்கு ஆதரவாகக் கூடும் பிங்க் டாட் நிகழ்ச்சி முதன்முதலாக நடந்த மாலையில். இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் வந்ததாகப் பின்னர் சொன்னார்கள். எனக்கு எண்ணிக்கை முக்கியமாகத் தோன்றவில்லை. அவ்வளவு பேரில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை என்பதே பெரும் நிம்மதியாகவும் பெரும் தனிமையாகவும் இருந்தது. இளஞ்சிவப்புத் துப்பட்டாவைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, பூங்காவுக்குள் நுழைந்த பிறகே தோளில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்றிருந்த நடுவயதுக்காரர் என்னைப் பார்த்து மெதுவாக, "தமிழா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சாப்பிட்டாச்சா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. அடுத்த ஞாயிறு அவர் வீட்டில் மதிய உணவு.

அந்த வீடு தங்ளின் ஹால்ட்டில், அறுபதுகளில் கட்டப்பட்ட பத்து மாடி புளோக்குகளில் ஒன்றில் இருந்தது. சிங்கப்பூர் 1967இல் முதன்முதலில் வெளியிட்ட ஒரு வெள்ளி (டாலர்) நோட்டின் பின்புறத்தில் அந்த வட்டாரத்து அடுக்குமாடிகள்தாம் அச்சாகியிருந்தன. அண்ணன் அப்படி ஒரு நோட்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அவருடைய அப்பா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம் ஓடியது. ரயில்வே ஊழியர்கள் வழிபடத் தொடங்கிய முனீஸ்வரன் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்கிறார்.

அண்ணனின் அம்மா எங்களிடம் எதையும் விசாரித்ததில்லை. பசாரிலிருந்து கோழி வாங்கிவந்து, தேங்காய் அரைத்து, ஐந்து பேருக்கான குழம்பை எட்டுப் பேருக்கு வைப்பார். அவளும் நானும் ஒன்றாகப் போக ஆரம்பித்துச் சில மாதங்கள் கழித்து ஒரு நாள், எங்கள் இருவரையும் அடுப்படியில் நிறுத்தி, "உங்க ரெண்டு பேருல யாரு சமைக்கிறது?" என்று கேட்டார். இருவருமே என்றோம். "அப்ப சண்டைதான்" என்று சொல்லிவிட்டு அகப்பையைக் கையில் கொடுத்தார். என் சொந்தத் தாயாரிடம் நான் பல ஆண்டுகள் சொல்ல முயன்று தோற்ற விஷயம் இந்த அம்மாவிடம் அந்த ஒரு கேள்வியோடு முடிந்துபோயிற்று. (சண்டை பற்றிய அவர் கணிப்பும் சரியாகவே இருந்தது. ரசத்தில் பூண்டைத் தட்டிப் போடுவதா, நறுக்கிப் போடுவதா என்ற வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.)

அவளும் நானும் எப்படிச் சேர்ந்தோம் என்றால், அதற்கு ரயில்தான் காரணம். சரியாகச் சொன்னால் ரயில் நின்றுபோனது. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி மலாயன் ரயில் புறப்பட்டது, ஜோகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். மறுநாளிலிருந்து, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுப்பதற்கு முன், சில நாள்கள் பொதுமக்கள் அதன்மேல் நடக்கலாம் என்று விட்டார்கள். அக்காவின் தோழியாக எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இரண்டு முறை வந்திருந்த அவள், மூன்றாவது முறை வந்தபோது சாப்பிட்ட களைப்பில் நடக்கலாம் என்றாள். மற்றவர்கள் வரவில்லை. ஒரு தண்டவாளத்தில் அவளும் எதிர்த் தண்டவாளத்தில் நானும் ஏறிக் கைகளை விரித்துக்கொண்டு நடந்தோம். தடுமாறிய ஒவ்வொரு முறையும் இடையிலிருந்த கட்டைகளைத் தாண்டி ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வேண்டியிருந்தது. சிறிது தூரம் போனபின் தடுமாறாத வேளையிலும் கையை விடவில்லை. சுற்றிலும் குழந்தைகளோடு குடும்பங்கள், புகைப்படக் கருவியோடு முதியவர்கள். எங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தண்டவாளங்களில் பெரும்பகுதி இப்போது இல்லை, புல்லும் நடைபாதையுமாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் விளிம்பில் ஏறி நடப்பது போலப் பாவனை செய்வாள்.

2014இல் தங்ளின் ஹால்ட் வட்டாரத்துப் பழைய புளோக்குகளை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) எடுத்துக்கொண்டு, குடியிருப்பாளர்களுக்கு அருகிலேயே டாசனில் மாற்று வீடுகள் தரப்போவதாக அறிவித்தது. புதிய வீட்டுக்கு 99 ஆண்டுக் குத்தகை என்று அண்ணன் விளக்கியபோது, "அத வெச்சு நான் என்ன பண்ண?" என்றார் அம்மா. 2018இல், புதிய வீட்டைப் பார்க்காமலே போய்விட்டார். மண்டாயில் தகனம் நடந்தது. அண்ணனோடு நாங்கள் நால்வரும் முன்வரிசையில் நின்றோம். தூரத்து உறவினர் ஒருவர், தொந்தரவு செய்யும் நோக்கமில்லாமல்தான், நாங்கள் யார் என்று கேட்டார். அண்ணன், "அம்மா சமைச்சுப் போட்ட பிள்ளைங்க" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை, உறவினரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்த ஊரில் எவரும் நிறுத்த மாட்டார்கள், நானும் கொஞ்சம் சொல்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் 21 வயதிலேயே வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தனித்திருப்பவர்கள் 35 வயதுவரை காத்திருக்க வேண்டும். இருவர் சேர்ந்து வாங்குவதென்றால் இருவருக்கும் 35 ஆகியிருக்க வேண்டும். அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள் என்பதால் அவளுடைய முப்பத்தைந்தாவது பிறந்தநாளுக்காக நான் காத்திருந்ததைப் போல எந்தக் காதலியும் காத்திருக்க மாட்டாள். அதுவரை வாடகை அறைகளில் இருந்தோம். வீட்டு உரிமையாளர்களுக்கு இரண்டு பெண்கள் ஓர் அறையில் தங்குவது சிக்கனமாகவே பட்டது. நாங்கள் காதலர்கள் என்ற சந்தேகத்தில் எவரும் எங்களை நிராகரித்ததில்லை. இந்தியர்கள் என்ற காரணத்துக்காக நிராகரித்தவர்கள் உண்டு. "சமைப்பீர்களா?" என்று தொலைபேசியில் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவார்கள். 2019இல் டாசனுக்கு நடந்தே போகும் தூரத்தில் மூவறை மறுவிற்பனை வீடு ஒன்றை, தனித்திருப்போர் இருவர் கூட்டாக வாங்கும் திட்டத்தின்கீழ் வாங்கினோம். பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கின்றன. எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து எழுதிய முதல் ஆவணம் அது.

அடுத்த ஆண்டே கிருமி வந்தது. 2020 ஏப்ரல் 7இல் சர்க்கிட் பிரேக்கர் என்ற ஊரடங்கு தொடங்கி, ஒரே வீட்டில் வசிக்காதவர்கள் ஒருவரையொருவர் சந்திக்க முடியாது என்றானது. அண்ணன் தன் வீட்டில் தனியாக, அக்கா ஈசூனில் தனியாக, தம்பி ஒரு வாடகை அறையில். ஜூன் 2ஆம் தேதி கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்தபோது, பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ சென்று பார்க்கலாம், ஒரு நாளைக்கு ஒரு முறை, இருவருக்கு மேல் கூடாது என்று அறிவித்தார்கள். நோயைத் தடுக்க எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் குழம்புப் பாத்திரத்தை அண்ணன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மின்தூக்கிக்கு அருகில் போய் நின்றுகொண்டு, அவர் கதவைத் திறந்து எடுத்துக் கையசைப்பதைப் பார்த்தபோது, அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பது நன்றாகவே தெரிந்தது. ஜூன் 19இலிருந்து ஐவர்வரை கூடலாம் என்றார்கள். யாரோ எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு விதி எழுதியது போல அக்காவுக்கு ஒரே சிரிப்பு. அன்று மாலையே கூடினோம்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு ஆங்கிலேயர் காலத்தில், 1938இல் வந்தது. ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவை அது குற்றமாக்கியது, இரண்டாண்டுவரை சிறை. பெண்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எங்களைக் குற்றவாளி ஆக்கும் அளவுக்குக்கூட எவரும் நினைத்துப் பார்க்கவில்லை என்று நான் கேலி பேசுவதுண்டு. ஆனால் அண்ணன் பிறந்ததிலிருந்து அந்தப் பிரிவின்கீழ் வாழ்ந்தவர். 2007இல் பழைய 377 நீக்கப்பட்டபோதும் இந்த 'ஏ' தங்கிவிட்டது, அரசாங்கம் அதை முனைந்து செயல்படுத்தாது என்ற வாக்குறுதியோடு. 2022 ஆகஸ்ட் 21ஆம் தேதி தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் அதை நீக்கப் போவதாக அறிவித்தபோது அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வெங்காயத்தால் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. நவம்பர் 29இல் நாடாளுமன்றம் நீக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதே அமர்வில், திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்ற வரையறையை நீதிமன்றத்தில் எதிர்க்க இடமில்லாதபடி அரசமைப்புச் சட்டத்தையும் திருத்தியது. அண்ணனுக்கு முதலாவது போதுமானதாக இருந்தது, தம்பிக்கு இரண்டாவது மட்டுமே கண்ணில் பட்டது. இரண்டு ஞாயிறுகள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நான் தம்பியின் பக்கம். ஆனால் அறுபது ஆண்டுகள் சுமந்ததை இறக்கி வைத்த மனிதரிடம் அதை அப்போதே வாதாடுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

தம்பியின் கோபத்துக்கு வேறு வரலாறும் உண்டு. 2017இல் சட்டம் மாறி, வெளிநாட்டவர் ஹோங் லிம் பூங்காவின் ஒன்றுகூடல்களில் நிற்கவே கூடாது என்றானது. பிங்க் டாட்டைச் சுற்றித் தடுப்புகள் வைத்து, குடியுரிமையா நிரந்தரவாசமா என்று அடையாள அட்டையைப் பார்த்தே உள்ளே விட்டார்கள். அப்போது வேலை அனுமதியில் இருந்த தம்பி சாலைக்கு அப்பால் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் துணையாக நாங்கள் முறைவைத்து ஒவ்வொருவராக வெளியே வந்தோம். அவன் பங்குக்கு ஐந்து கோப்பி குடித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் ஐவரில், தான் விரும்பிய மனிதரைச் சட்டப்படி மணக்க முடிந்தவர் அக்கா ஒருவர்தான். அறுவை சிகிச்சை செய்து அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொண்டவர்கள் எதிர்ப்பாலினத்தவரை மணக்கலாம் என்று 1996இலேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அக்கா பதிவுத் திருமணம் செய்துகொண்டார். நான்கு ஆண்டுகளில் விவாகரத்தும் வாங்கினார். நாங்கள் திருமண உரிமை பற்றிப் பேசும்போதெல்லாம், "வாங்கிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தவ நான்" என்பார்.

எங்களைக் குறிக்க இப்போது நல்ல சொற்கள் வந்துவிட்டன. பிரதமர் பேசிய அதே ஆகஸ்ட் மாதத்தில், சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு இதற்கான சொல்லகராதியை அரசிதழில் வெளியிட்டது. தம்பி அதைப் பதிவிறக்கி, ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்தான். தன்பாலீர்ப்பு, பால்புதுமையினர் என்று அவன் நிறுத்தி நிறுத்தி வாசிக்க, அண்ணன் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. நாம எப்பவும் சொல்ற 'நம்மாளு' எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றார்.

மருத்துவமனையில் நான் 'மற்றவர்' ஆன அந்த இரவுக்குப் பின் அக்கா பொறுமை இழந்தார். அண்ணன் வீடு திரும்பிச் சில வாரங்களில், ஒரு ஞாயிறு முழுவதையும் தாள்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். முதலில் எல்பிஏ. நமக்கு நினைவும் முடிவெடுக்கும் திறனும் போய்விட்டால் நம் சார்பில் யார் முடிவெடுப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம் அது. 21 வயது நிரம்பிய, நாம் நம்புகிற யாரை வேண்டுமானாலும் குறிப்பிடலாம், இரத்த உறவு வேண்டியதில்லை. அடுத்து மத்திய சேம நிதி, சம்பளத்திலிருந்து சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு. அந்தப் பணம் உயிலுக்குள் வராது என்பது பலருக்கும் தெரிவதில்லை. தனியாக நியமனம் செய்யாவிட்டால் அது வாரிசுச் சட்டப்படி குடும்பத்தாருக்குப் பிரிந்து போகும். எங்கள் விஷயத்தில், பத்தாண்டுகளாகப் பேசாத சகோதரர்களுக்கு. திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் செய்த நியமனம் செல்லாது என்றும் ஒரு விதி இருக்கிறது. அக்கா அதை உரக்க வாசித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்து, "உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல, அரசாங்கமே உத்தரவாதம் குடுத்திருக்கு" என்றார்.

யார் யாருக்கு முடிவெடுப்பது என்ற பேச்சு நான் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. நான் அவளையும் அவள் என்னையும் குறிப்பிட்டோம், அதில் யோசனைக்கு இடமில்லை. ஆனால் அண்ணன் என்னைக் குறிப்பிட்டபோது, சுவாசக் கருவியை எப்போது அகற்ற வேண்டும் என்ற தன் விருப்பத்தையும் சாம்பார் கரண்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னார். தம்பி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தான். அவன் ஊரில் அம்மா இருக்கிறார். அவர் பெயரை எழுதுவதா எங்களில் ஒருவர் பெயரை எழுதுவதா என்று அவனால் அன்று முடிவு செய்ய முடியவில்லை, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, நாங்கள் கேட்பதில்லை.

சேம நிதி நியமனத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், பணம் பெறுபவர் சாட்சியாக இருக்க முடியாது. அண்ணன் எங்கள் நால்வர் பெயரையும் எழுதிவிட்டதால் வீட்டிலிருந்த எவரும் சாட்சிக்கு உதவவில்லை. கடைசியில் எதிர்வீட்டுச் சீன அங்கிளும் அவர் மனைவியும் வந்தார்கள். தங்ளின் ஹால்ட்டிலும் அவர்கள் அதே மாடியில் இருந்தவர்கள். அங்கிள் கண்ணாடியை ஏற்றி இறக்கி எங்கள் பெயர்களைப் படித்துவிட்டு, "ஆல் யுவர் ஃபேமிலி ஆ?" என்று கேட்டார். அண்ணன் தலையாட்டினார். அங்கிள் கையெழுத்துப் போட்டார். ஆன்ட்டிக்கு மீன்குழம்பு கொஞ்சம் கொடுத்து அனுப்பினோம்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்து அவளும் நானும் அழைத்துப் போனோம். வேறொரு தமிழ்த் தாதி, அதே கேள்வி. இம்முறை என்னிடம் பதில் தயாராக இருந்தது, தேவையான தாளின் நகலும் பையில் இருந்தது. அவர் அதைப் பார்த்துத் திரையில் எதையோ பதிந்துகொண்டு, சும்மா பேச்சுக்கு, அவளிடம் திரும்பி என்னைக் காட்டி, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

அந்நியர்களிடம் அதிகம் பேசாதவள் அவள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் வீட்டுக்காரி" என்றாள்.

அண்ணன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். தாதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு முகம் மலர்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அப்படியா, நானும் ரூம் தேடிக்கிட்டுதான் இருக்கேன். மாசம் எவ்வளவு வாங்குறாங்க?"